‘எனக்கு மட்டும்’ என்றொரு கட்டம்

அவளுக்கு நோண்டி என்று பெயர் வைத்தது அவளுடைய அக்கா. சிறுவயதில் இருவரும் ஆளுக்கொரு தொட்டியில் அவரை விதை ஊன்றினார்கள். அக்கா ஊன்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இவளோ தினமும் காலையில் மண்ணை விலக்கி, விதை முளை விட்டதா என்று பார்த்துவிட்டு, மறுபடி மூடிவைத்தாள். அக்காவின் கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறியபோது இவளுடைய விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயிருந்தது. நோண்டி நோண்டியே கொன்றுவிட்டாள் என்று அக்கா வீடெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. வேலைக்குப் போன இடத்திலும் யாரோ எப்படியோ மோப்பம் பிடித்து அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேஜையில் பல வருடம் உட்கார்ந்திருந்தாள். எந்த மாடி, எந்த அறை, எந்த டாக்டர் இன்று லீவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லுவாள். சொல்லிக்கொண்டே, எதிரே இருக்கும் கணினி இந்தப் பதிலை எங்கிருந்து எடுத்துத் தருகிறது என்று யோசிப்பாள். அந்த யோசனை சும்மா இருக்கவிடவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து புரோகிராம் எழுதப் படித்தாள். மகள் கல்லூரிக்குப் போவதற்குள் அதே மருத்துவமனையின் மென்பொருள் பிரிவுக்கு மாறிவிட்டாள். அந்தப் பிரிவு சலவைக்கூடத்துக்கு நேர் மேலே இருந்தது. தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். மழைக்காலத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்வார்கள்.

கணவன் வண்டி மெக்கானிக். அவனை அவள் சந்தித்ததே ஒரு சத்தத்தால்தான். அவளுடைய ஸ்கூட்டர் எங்கோ கறகறவென்று முனகிக்கொண்டிருந்தது. மூன்று பட்டறைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். நான்காவதாக இவன், வண்டியை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து, அவளுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு இடத்தில் வைத்தான். சத்தம் நின்றது. எப்படித் தெரிந்தது, எதை வைத்துச் சொன்னீர்கள், வேறு சத்தமாக இருந்தால் வேறு எதுவாக இருக்கும் என்று அவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்க, அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அதற்குப் பிறகு அவளுடைய வண்டி அடிக்கடி பழுதானது. அவனும் என்ன ஏது என்று கேட்காமல் பழுது பார்த்தான். கல்யாணம் ஆனது.

மருத்துவமனைக்கு ஒரு செயலி உண்டு. குடும்பத்தில் ஒருவர் பெயரில் கணக்குத் திறந்தால் வீட்டில் இருக்கும் எல்லோருடைய சிகிச்சை விவரமும் அதில் தெரியும். யாராவது ஒருவருக்குத் தன் விவரம் மற்றவர்களுக்குத் தெரியவேண்டாம் என்றால், அந்த வருகைக்கு நேரே ‘எனக்கு மட்டும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் போதும். அப்படித்தான் விளம்பரம் சொன்னது.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் புகார் சொல்ல வந்தாள். தையற்கடை வைத்திருப்பவள், கழுத்திலிருந்த இன்ச் டேப்பைக்கூட எடுக்காமல் வந்திருந்தாள். பிரிவின் பொறுப்பாளரை எல்லோரும் தலைவர் என்பார்கள். அவர் எதைச் சொன்னாலும் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும் என்பதால் வந்த பெயர். வரவேற்பில் இருந்தவளாயிற்றே, ஆளைச் சமாளிப்பாள் என்று அவர் நோண்டியை அனுப்பினார்.

தையற்காரி சத்தம் போடவில்லை. தன் கணவனின் போனை மேஜைமேல் வைத்து, விரலால் தட்டிக் காட்டினாள்.

“நோய் விவரம்ங்கற இடத்த மறைச்சிருக்கீங்க, சரி. கீழ டாக்டர் பேரு இருக்கு. அதத் தட்டினா மகப்பேறு பிரிவுன்னு கொட்ட எழுத்துல வருது. இதுக்கு எதுக்கு அந்த டிக்கு?”

கணக்கு அவளுடைய கணவன் பெயரில் இருந்தது. மாமியார் தன் சர்க்கரை அளவைப் பார்க்க அந்தப் போனை வாங்கியிருக்கிறார். கை பட்டு மருமகளின் பக்கம் திறந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் உறவு முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்தது. மாமியாருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான் என்றாள் தையற்காரி. ஏற்கெனவே இரண்டு முறை நிற்காமல் போயிருந்தது. இந்தத் தடவை கொஞ்சம் நிலைத்த பிறகு சொல்லலாம் என்று கணவனிடம்கூட வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

“இப்ப தினம் யாராவது போன் பண்ணி எப்படி இருக்கேன்னு கேக்கறாங்க. எதாவது ஆச்சுன்னா அத்தன பேருக்கும் நான்தானே பதில் சொல்லணும்?”

 நோண்டிக்குச் சிறுவயதில் தொட்டிக்குள் கைவிட்டு விதையைத் தோண்டியது நினைவுக்கு வந்தது. சரிசெய்துவிட்டு நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று எண்ணை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

ஓட்டை எங்கே என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மருத்துவமனையின் கணினி ஒருவருடைய விவரத்தைப் போனுக்கு அனுப்பும்போது அதை ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் கட்டி அனுப்பும். பார்சல் கட்டுகிற மாதிரிதான். நோயாளி என்ற பதிவு, அதற்குள் வருகை, வருகைக்குள் மருத்துவர், மருத்துவருக்குள் அவருடைய பிரிவு. மறைக்கச் சொன்னால் மறைக்கும் புத்தி அதற்கு மேலடுக்கில் மட்டும்தான் இருந்தது. நோய் விவரம் வருகையிலேயே இருந்ததால் மறைந்தது. பிரிவு இன்னும் ஓர் அடுக்கு உள்ளே உட்கார்ந்திருந்ததால் தப்பித்துப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் பூட்டு, கொல்லைக்கதவு திறந்து கிடக்கிறது.

இந்த ஜேசனைப் பற்றி அவள் வீட்டில் இதற்கு முன்னாலும் பேசியதுண்டு. ஒருநாள் அவள் பேசிக்கொண்டே போக, கணவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “யாரு அந்த ஜேசன்? அவன் வாயில எதுவும் நிக்காதா?” என்று கேட்டான். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். சொன்னது எதையும் காதில் வாங்குவதில்லை என்று அன்றும் வழக்கம்போல ஒரு பாட்டம் திட்டினாள்.

தலைவர் கேட்டுவிட்டு, சுலபம் என்றார். அவருக்கு எல்லாமே சுலபம். மருத்துவர் பதிவில் பிரிவுக்கு மேலே ‘இதைக் கட்டாதே’ என்று ஒரு குறி போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார். நோண்டியும் அவசரத்தில் அப்படியே செய்தாள். மறுநாள் காலை கீழே வரவேற்பில் திருவிழாக் கூட்டம். அந்தக் குறி ஆள் பார்க்காது, எல்லோருக்கும் மறைத்துவிட்டது. எந்தப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று தெரியாமல் கண்ணுக்கு வந்தவர் பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார். வரவேற்பில் இருந்த அவளுடைய பழைய தோழி போனில், உனக்கு நாங்கள் என்ன பாவம் பண்ணினோம் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

குறியை எடுத்துவிட்டு நோண்டி இரண்டாவது வழிக்கு வந்தாள். டிக் இருந்தால், பார்ப்பவர் வேறு ஆளாக இருந்தால் மட்டும், மருத்துவர் பெயருக்கும் பிரிவுக்கும் பதிலாக ஒன்றுமில்லை என்று அனுப்பு. போன் அந்த ஒன்றுமில்லையை ஒரு சின்னக் கோடாகக் காட்டியது. டிக் போட்டவருக்குத் தன் விவரம் முழுதாகத் தெரிந்தது, மற்றவருக்குக் கோடு. எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. செய்த வேலையை ஒரு சாதாரண ஆள் மாதிரி பார்க்கலாம் என்று தன் போனில் தன் குடும்பக் கணக்கைத் திறந்தாள். மகள் பெயரில் பழைய காய்ச்சல். கணவன் பெயரில் கை கிழிந்தபோது போட்ட ஊசி. அதற்குக் கீழே ஒரு வருகை: மருத்துவர், கோடு. பிரிவு, கோடு. அதற்குக் கீழே இன்னொன்று, அதேபோல. அதற்கும் கீழே ஒன்று.

வேலை செய்கிறது என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்று கிளம்பிய பிறகுதான் அது யாருடைய பெயர் என்பது உறைத்தது.

தும்மினால்கூட டாக்டரிடம் போகாதவன். செயலியில் எதையும் தேடி எடுக்கத் தெரியாமல் போனை அவளிடம் நீட்டுபவன். அவன் தனியாக வந்திருக்கிறான்; ஒருமுறை அல்ல, பலமுறை. அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு முறையும் டிக் போட்டிருக்கிறான். போன வாரம் இதே பக்கத்தைத் திறந்திருந்தால் பிரிவின் பெயரைப் படித்திருப்பாள். இன்று அவளே தன் கையால் அதை மூடியிருக்கிறாள். இதை நினைத்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் அவளாக இல்லை. இருதயமா, ஈரலா, கட்டியா என்று மருத்துவமனையின் பிரிவுகளை மாடி மாடியாக மனதுக்குள் ஏறி இறங்கினாள். அவன் சட்டைப்பையைத் தடவினாள். ஸ்க்ரூவும் வாஷரும்தான் கிடைத்தன. இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்றால் பயந்தாள், வேண்டும் என்றாலும் பயந்தாள். அவன் என்னவென்று கேட்டபோது ஒன்றுமில்லை என்றாள். அந்த ஒன்றுமில்லையைச் சொன்னதும் தனக்கே சுருக்கென்றது.

ஆபீசில் அவளுடைய மேஜையிலிருந்து எந்த நோயாளியின் பதிவையும் திறக்க அனுமதி இருந்தது. வேலைக்காகக் கொடுத்தது. யார் எதைத் திறந்தார்கள் என்ற குறிப்பும் தானாகப் பதிவாகும். ஆனால் அந்தக் குறிப்பைப் பார்ப்பவளும் அவளேதான். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை. ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கணவனின் பதிவு எண்ணைத் தேடும் இடத்தில் அடித்துவிட்டாள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கீழே சலவை இயந்திரங்களின் அதிர்வு காலில் ஏறிக்கொண்டிருந்தது.

அழுத்தவில்லை. ஏன் என்று பிறகு அவளே பலமுறை யோசித்திருக்கிறாள். நேர்மை என்று சொன்னால் அது கொஞ்சம் பெரிய வார்த்தை. அந்தக் கட்டத்தைத் தேடி அந்தத் தடித்த எண்ணெய் விரல் போன் திரையில் அலைந்திருக்கும் காட்சிதான் கண்ணில் நின்றது. அவ்வளவு கஷ்டப்பட்டு ஒருவன் ஒன்றை மூடியிருக்கிறான். எண்ணை அழித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அன்று பிற்பகலே தலைவரிடம் போய், செய்தது போதாது என்றாள். இத்தனைக்குப் பிறகும் என்ன குறை என்று அவர் கேட்டார்.

“கோடு இருந்தாலே அங்க ஏதோ இருக்குன்னு தெரிஞ்சிடுது சார்.”

“என்னன்னு தெரியாதுல்ல?”

“அது தெரியாததுதான் ஆள அரிக்குது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க வீட்டுல ஆயிருக்கு.”

தலைவர் அவள் முகத்தைப் பார்த்தார். சுலபம் என்று சொல்லவில்லை. சரி, எவ்வளவு நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இந்த முறை அவள் தன் பெயருக்கேற்ற வேலை செய்தாள். காலியாக அனுப்புவது வேறு, அனுப்பாமலே இருப்பது வேறு. கட்டும்போதே இது யாருக்குப் போகிறது என்று கேட்கவேண்டும். டிக் இருந்து, கேட்பவர் அந்த நோயாளியும் அல்ல, சிகிச்சை செய்பவரும் அல்ல என்றால், அந்த வருகையையே கட்டக் கூடாது. தடயம் இருக்கக் கூடாது. ஆனால் வருகை ஓர் இடத்தில் மட்டும் இல்லை. மருந்துப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு மருந்துக்குள்ளும் எழுதிக்கொடுத்த மருத்துவர் இருந்தார். அவருக்குள் மறுபடி அதே பிரிவு. நினைவூட்டும் செய்திக்குள் அடுத்த வருகை இருந்தது. ஒரு பாத்திரத்தைத் திறந்தால் இன்னொரு பாத்திரம், அதற்குள் ஒரு கிண்ணம். ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகப் பூட்டுப் போட்டால் நாளைக்கு யாரோ புதிதாக ஒரு கதவு வைப்பார்கள் என்று நினைத்து, எந்த அடுக்கில் இருந்தாலும் வருகையைத் தொடும்போதெல்லாம் அதே ஒரு கேள்வியைக் கேட்கும்படி கட்டும் இடத்திலேயே எழுதிவைத்தாள். அந்தத் தேடலில் அவளுக்கு ஒரு குஷிகூட வந்துவிட்டது. கண்டுபிடித்த ஒவ்வொரு பொந்தையும் தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவரும் கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே தேட உட்கார்ந்துவிட்டார்.

மாற்றம் வெளியான காலையில் தன் போனைத் திறந்தாள். கணவன் பெயரில் கை கிழிந்தபோது போட்ட ஊசி மட்டும் இருந்தது. எந்தக் குறையும் இல்லாத மனிதன். தையற்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் சரி என்றாள், ஆனது ஆகிவிட்டது, இனிமேல் வருகிறவளுக்காவது உதவும் என்றாள்.

திரையிலிருந்து போனது நோண்டியின் மனதிலிருந்து போகவில்லை. தெரியாது என்று நடிக்கவும் அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வந்து பின்பக்கத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். சோப்புத்தூளைப் போட்டு முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருந்தான், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவோரம் நின்று, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் சொல்லிமுடித்தாள். ஆஸ்பத்திரி கணக்கில் உங்கள் பெயரில் எதையோ மறைத்திருந்ததைப் பார்த்தேன், என்னவென்று பார்க்கவில்லை என்று.

அவன் திரும்பவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தான்.

செவிடன் காதில் ஊதிய சங்கு மாதிரி என்று சில வருடமாகச் சொல்லிவரும் வாய் அப்போதும் அதைச் சொல்லத்தான் திறந்தது. பாதியில் நின்றது. குனிந்திருந்த அந்த முதுகை, அவள் அங்கே நிற்பதே தெரியாத அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போதும் அவளுக்கு ஒரே பக்கமாகத்தான் உட்காருவான். எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்பான். டிவியைச் சத்தமாக வைத்தால் லீவுக்கு வரும் மகள் சண்டை போடுவாள். அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது.

போய்க் குழாயை மூடினாள். அவன் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னாள். இந்த முறை கேட்டது. துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“பாத்துட்டியா?”

“பாக்கல. ஒரு பொத்தான் அழுத்தினா போதும். பாக்கல.”

“நீயா?”

“நீங்க டிக் போட்டிருந்தீங்க.”

அவன் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினான். “இது கொஞ்ச நாளாவே போயிட்டிருக்கு. அடுத்ததும் பின்னாடியே கெளம்பிடுச்சுங்கறாங்க.”

அவள் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்தாள். காதுதானா என்ற கேள்வி வாய்வரை வந்தது; நல்லவேளை கேட்கவில்லை. அவனுக்கு அது வெறும் காது இல்லை. ஊரில் ஆயிரம் பட்டறை இருக்க, இவனைத் தேடி வருகிறவர்கள் கேட்டுச் சொல்வான் என்றுதானே வருகிறார்கள். வெளியில் தெரிந்தால் யார் வருவார்கள் என்றான். வெளியில் சரி, என்னிடம் சொல்ல என்ன என்று அவள் கேட்டாள். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“கவனிக்கலன்னு நெனச்சா நீ கோவப்படுவ. கேக்கலன்னு தெரிஞ்சா பாவப்படுவ. கோவமே தேவலன்னு இருந்துட்டேன்.”

அவள் அழுதாள். கொஞ்ச நேரம்தான். அழுகை ஓய்வதற்குள் கேள்வி வந்துவிட்டது. எந்தச் சத்தம் முதலில் போனது, மெல்லிய சத்தமா கனத்த சத்தமா, அப்படியானால் இத்தனை நாள் இன்ஜினை எப்படிக் கேட்டீர்கள்? அவன் முதலில் தயங்கினான். பிறகு மடை திறந்தமாதிரி சொல்ல ஆரம்பித்தான். யாரிடமும் சொல்ல முடியாமல் எத்தனை நாள் வைத்திருந்தானோ. உள்ளங்கையை இன்ஜின் மூடிமேல் வைத்து அதிர்வைப் பிடிப்பதைச் சொன்னான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் சத்தம் உள்ளே வருகிறது என்றான். டாக்டரிடம் சொன்னதற்கு, எலும்பு வழி நன்றாகத்தான் இருக்கிறது, நடுக்காதில்தான் கோளாறு, அதனால் கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும் என்றாராம். கருவி வைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று அவன்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். அவள் உள்ளே ஓடி ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, அப்போதே முயன்று பார்க்கவேண்டும் என்றாள். இருவரும் தெருவில் நின்ற ஸ்கூட்டரை ஓடவிட்டு மாறி மாறிக் கேட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து விநோதமாகப் பார்த்தார்.

அந்த டிக்கை எடுத்துவிடட்டுமா என்று ஒருநாள் அவள் கேட்டபோது, இருக்கட்டும் என்றான். மகள் கல்லூரி விடுதியிலிருந்து கணக்கைத் திறந்து பார்ப்பாள். அவளிடம் தன் வாயால் சொல்லவேண்டும், இன்னும் சொல்லவில்லை என்றான். நோண்டியும் மகளிடம் மூச்சு விடவில்லை. அது அவளுக்குச் சாதாரண வேலையில்லை.

கடைசியில் அவன் காதுக்குக் கருவி வைத்துக்கொண்டான். பட்டறையில் பயந்தமாதிரி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவனைக் கருவியோடு முதலில் பார்த்த இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை. தையற்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதை அவளே வரவேற்புக்கு வந்து, நோண்டியைக் கீழே கூப்பிடச் சொல்லி, சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்கெல்லாம் முன்னால், கருவி வந்த முதல் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். “அது என்ன சத்தம்?” என்றான். எந்தச் சத்தம் என்று அவள் கேட்டாள். கிர்ரென்று ஒன்று, மெல்லிசாக, விட்டுவிட்டு வருகிறது என்றான். அவளுக்குக் கேட்கவில்லை. இருவரும் வீடு முழுக்கத் தேடினார்கள். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார்கள். குழாய்க்குக் கீழே குனிந்தார்கள். கடைசியில் ஃபிரிஜ்ஜின் பின்னால் தண்ணீர் விழும் தட்டு தளர்ந்து உலோகத்தில் உரசிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக உரசுகிறதோ, அவள் காதுக்குப் பழகிப்போய் அது சத்தமாகவே இல்லாமல் ஆகியிருந்தது. அவன் ஓர் அட்டையை மடித்து இடுக்கில் செருகினான். நின்றது.

கொஞ்ச நேரம் அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தவன், அந்த அட்டையை மறுபடி உருவினான்.

“இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டுமே” என்றான்.

அவளும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்தாள்.